வீட்டுப் பட்டறையில் எஃகுக்குத் தோய்ச்சல்: ஓர் உளியை முன்வைத்து முழுமையான வழிகாட்டி

கடையிலிருந்து வாங்கிவந்த ஓ.ஹெச்.என்.எஸ். என்னும் கருவி எஃகுப் பட்டையை அரத்தால் ராவினால் சாதாரண இரும்பைப் போலவே துகள் உதிரும். அதே பட்டையை ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுத்தபின் ராவினால், அரம் கண்ணாடிமேல் சறுக்குவதுபோல் ஒலியெழுப்பி வழுக்கிக்கொண்டு போகும். கொல்லர்கள் தோய்ச்சல் என்றும் லேத் பட்டறைக்காரர்கள் ஹார்டனிங் என்றும் சொல்லும் இந்த வேலையை வீட்டின் பின்கட்டில் செய்துகொள்ள முடியும். ஆனால் நான் பார்த்தவரை, இதில் தோற்பவர்களில் பெரும்பாலோர் எஃகைப் போதிய அளவு காய்ச்சாததால் தோற்பதில்லை. அளவுக்கு மீறிக் காய்ச்சிவிட்டு, அது தெரியாமலேயே கருவியைத் தீட்டிப் பிடி போட்டுவிடுவதால்தான் தோற்கிறார்கள். ஆகையால் இந்த வழிகாட்டியில் எண்ணெயைவிட வெப்பத்தை அளப்பதைப் பற்றியே அதிகம் பேசுகிறேன். எடுத்துக்காட்டுக்கு 25 மி.மீ. அகலமும் 6 மி.மீ. தடிமனும் 250 மி.மீ. நீளமும் கொண்ட ஒரு மரவேலை உளியை வைத்துக்கொள்வோம்.

எந்த எஃகை எடுப்பது

முதல்முறை செய்பவர் ஓ.ஹெச்.என்.எஸ். பட்டையையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்கப் பெயரில் இது ஓ1. இதில் ஏறத்தாழ 0.9 விழுக்காடு கார்பனும், 1 விழுக்காட்டுக்குச் சற்றே கூடுதலாக மாங்கனீசும், அரை விழுக்காடு அளவில் குரோமியமும் டங்ஸ்டனும் இருக்கின்றன. எண்ணெயில் தோய்த்தாலே கடினமாகும், உருவம் அதிகம் மாறாது என்பதைத்தான் ஆயில் ஹார்டனிங் நான்-ஷ்ரிங்கிங் என்ற அதன் பெயர் சொல்கிறது. கடையில் கிடைக்கும் பட்டை மென்மையாக்கப்பட்ட நிலையிலேயே இருப்பதால், அறுப்பதற்கும் துளையிடுவதற்கும் சிரமம் இருக்காது.

கடைக்காரர் ஹெச்.சி.ஹெச்.சி.ஆர். என்னும் எஃகை இன்னும் உயர்ந்தது என்று காட்டலாம். உயர்ந்ததுதான், ஆனால் 12 விழுக்காட்டை ஒட்டிய குரோமியம் கொண்ட அந்த எஃகை 1000 டிகிரிக்கு மேல் ஏற்றி அரைமணி நேரம் அளவில் அதே வெப்பத்தில் நிறுத்த வேண்டும். வெப்பக் கட்டுப்பாட்டுடன் கூடிய மின் உலை இல்லாதவர் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. லாரி ஸ்பிரிங் பட்டை அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் அருமையான எஃகு. எனினும் அதில் கார்பன் 0.5 முதல் 0.6 விழுக்காடு அளவே இருப்பதால், மரத்தை இழைக்கும் உளிக்கு வேண்டிய கூர்மை அதில் நெடுநேரம் நிற்காது. பழைய அரங்களில் பல ஒரு விழுக்காடு அளவுக்குக் கார்பன் உள்ள நல்ல எஃகால் ஆனவை. மலிவான சிலவோ மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்டவை. தோலை ராவி எடுத்துவிட்டால் உள்ளே வெறும் இரும்புதான் மிஞ்சும். எந்த எஃகு என்று தெரியாத பழைய இரும்பில் பழகுபவர், தவறு தன் கையிலா பொருளிலா என்று கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடுவார்.

எஃகுக்குள் நடப்பது

அறை வெப்பத்தில் இருக்கும் மென்மையான எஃகில் கார்பனின் பெரும்பகுதி தனியே கார்பைடு (உலோகமும் கார்பனும் சேர்ந்த சேர்மம்) துணுக்குகளாக ஒதுங்கிக் கிடக்கிறது. ஏறக்குறைய 730 டிகிரியைத் தாண்டும்போது இரும்பணுக்களின் அடுக்குமுறை மாறி ஆஸ்டெனைட் என்னும் நிலை உருவாகிறது; அந்த அடுக்கினுள் கார்பன் கரைந்து கலக்க இடமுண்டு. இந்நிலையில் எஃகை விரைவாகக் குளிர்வித்தால், கார்பன் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொண்டு அணுக்களின் அடுக்கைத் திரித்துவிடுகிறது. இதுவே மார்ட்டென்சைட். கடினம் என்பது இந்தத் திரிபுதான். எளிதில் நொறுங்கும் தன்மையும் இதே திரிபிலிருந்துதான் வருகிறது. பிறகு மிதமான வெப்பத்தில் வைத்து நொறுங்கும் தன்மையைக் குறைப்பதற்கு டெம்பரிங் என்று பெயர்.

ஓ.ஹெச்.என்.எஸ். எஃகுக்குரிய காய்ச்சல் வெப்பம் 790 முதல் 815 டிகிரி செல்சியஸ் வரை. அந்த 25 டிகிரிக்குள் நிற்பதே இந்தக் கலையின் முக்கால்வாசி. அதற்குக் கீழே நின்றுவிட்டால் கார்பன் போதிய அளவு கரையாமல் எஃகு அரைகுறையாகக் கடினமாகும். அரத்தால் உரசினால் தெரிந்துவிடும், மீண்டும் காய்ச்சலாம். மிகவும் மேலே போய்விட்டாலோ எஃகின் மணிகள், அதாவது அதன் நுண்படிகங்கள், ஒன்றையொன்று விழுங்கிப் பெருத்துவிடும். அரம் அப்போதும் வழுக்கத்தான் செய்யும். எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றி, உளியின் விளிம்பு தேக்கில் முதல்முறை இறங்கும்போது பல் பல்லாக உதிரும்.

உலை

பெரிய உலை தேவையில்லை. கையில் எடுத்தால் எடையே இல்லாததுபோல் இருக்கும் இன்சுலேஷன் செங்கற்களால் உளி நுழையும் அளவுக்கு ஒரு பொந்து அமைத்து, பக்கவாட்டில் எரிவாயு பர்னரின் வாயை நுழைத்தால் போதும். கனமான ஃபயர் பிரிக் தீயைத் தாங்குமே தவிர, தானே வெப்பத்தைக் குடித்துக்கொண்டு வெகுநேரம் காக்க வைக்கும். பர்னருக்கு உயரழுத்த ரெகுலேட்டரும் அதற்குரிய குழாயும் வேண்டும். சமையலறை அடுப்பின் ரெகுலேட்டர் இதற்குப் போதாது. செராமிக் கம்பளியால் உட்புறம் வேய்வதாக இருந்தால், அதன் இழைத்தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் மேலே தீக்களிமண் பூச்சு கொடுத்து முழுவதும் மூடிவிட வேண்டும்.

கரி உலையும் நன்றாகவே வேலை செய்யும். வேலிக்காத்தான் கரியோ சிரட்டைக்கரியோ எதுவானாலும் சரி. காற்றுக்குச் சிறு புளோயரும், அதன் வேகத்தைக் குறைக்க ஒரு வழியும் இருந்தால் போதும். காற்று அதிகமானால் கரியின் நடுப்பகுதி 1000 டிகிரியை எளிதில் கடந்துவிடும் என்பதால், எஃகு உலைக்குள் போனபின் புளோயரை அடக்கி வாசிக்க வேண்டும். எந்த உலையானாலும் திறந்தவெளியில் வைக்க வேண்டும், ஏனெனில் மூடிய அறையில் எரியும் கரி வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

ஒரு சிறு ஏற்பாடு இரண்டு உலைகளையுமே மேம்படுத்தும். ஒருமுனை அடைக்கப்பட்ட, 50 மி.மீ. விட்டமுள்ள கறுப்பு இரும்புக் குழாயை உலைக்குள் படுக்கவைத்து, உளியை அந்தக் குழாய்க்குள் வைத்துக் காய்ச்ச வேண்டும். சுவாலை எஃகை நேராகத் தொடாததால் வெப்பம் எங்கும் சீராகப் பரவுகிறது. குழாயின் அடியில் இரண்டு கரித்துண்டுகளைப் போட்டுவைத்தால் அவை உள்ளிருக்கும் ஆக்சிஜனை எரித்துவிட, எஃகின் மேல்தோலில் கார்பன் குறைவதும் ஆக்சைடுச் செதில் படிவதும் கணிசமாகக் குறைகின்றன. ஜி.ஐ. குழாயை மட்டும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. அதன் துத்தநாகப் பூச்சு ஆவியாகிக் கிளம்பும் வெண்புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் கண்டுவிடும்.

வெப்பத்தை அளப்பது

நிறம் பார்த்துக் காய்ச்சுவது கொல்லர்களின் தலைமுறை அறிவு; ஆனால் அவர்களுடைய உலை எப்போதும் ஒரே கூரையின்கீழ், ஒரே மங்கலான வெளிச்சத்தில் இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். என் முதல் உளியை ஒரு சித்திரை மாதத்து நண்பகலில் முற்றத்தில் வைத்துக் காய்ச்சினேன். வெயிலில் எஃகு சிவந்ததாகவே தெரியாததால் மேலும் மேலும் காற்றைக் கூட்டினேன். சிவப்பு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தபோது அது உண்மையில் ஆரஞ்சையும் கடந்திருந்தது. 800 டிகிரியில் இருக்கும் எஃகு நிழலில் பழுத்த செந்நிறமாகவும், வெயிலில் கறுப்பாகவும்தான் தெரியும். எனவே அந்தி சாய்ந்தபின் அல்லது நிழலில் மட்டுமே காய்ச்ச வேண்டும். அப்போதும் கண்ணை நம்பாமல் நிலையான சில அடையாளங்களைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் அடையாளம் காந்தம். இரும்பு தன் காந்தத்தன்மையை இழக்கும் வெப்பம் 770 டிகிரி. இந்த வகை எஃகில் உள்மாற்றம் நடக்கும்போதே, 730 டிகிரிக்கும் 770 டிகிரிக்கும் இடையில், காந்தம் ஒட்டுவது நின்றுபோகும். கம்பியில் கட்டிய ஒரு காந்தத்தை எஃகின் அருகே கொண்டுபோய்ப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் இலக்குக்கு இன்னும் 40 டிகிரி அளவில் பாக்கி இருக்கிறது என்று கொள்ளலாம். ஒட்டவில்லை என்றவுடன் எண்ணெயில் முக்கிவிடுவது பரவலான பிழை.

இரண்டாவது அடையாளம் சமையலறையிலேயே இருக்கிறது. உப்பு 801 டிகிரியில் உருகும். நம் இலக்கின் நடுவே விழும் எண் அது. உளியோடு சேர்த்து அதே தடிமனுள்ள ஒரு துண்டுப் பட்டையையும் குழாய்க்குள் வைத்து, அதன்மேல் ஒரு சிட்டிகை தூளுப்பைத் தூவிவிட வேண்டும். உப்புத்தூள் வெண்மையாகவே இருக்கும்வரை வெப்பம் போதவில்லை; அது கண்ணாடித் துளிபோல் தெளிந்து பரவும் கணத்தில் 801 டிகிரி வந்துவிட்டது. கல்லுப்பைப் போட்டால் உள்ளே சிக்கிய ஈரம் வெடித்துக் கற்கள் தெறிக்கும். உருகிய உப்பு எஃகை அரிக்கும் என்பதால்தான் உளியின்மேல் போடாமல் துணைத்துண்டின்மேல் போடச் சொல்கிறேன்.

பணம் செலவழிக்க மனமுள்ளவர் வெப்பத்தை உணரும் கம்பியான கே வகை தெர்மோகப்பிளும் அதற்கான மீட்டரும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் தெர்மோகப்பிள் காட்டுவது அதன் நுனி இருக்கும் இடத்தின் வெப்பத்தை மட்டுமே. குழாய்க்குள் காற்று 810 டிகிரியைத் தொட்டபின்னும் 6 மி.மீ. எஃகு சிறிது நேரம் பின்தங்கியே இருக்கும். நுனியின் நிறமும் எஃகின் நிறமும் வேறுபாடின்றி ஒன்றான பிறகே மீட்டரின் எண்ணை எஃகின் எண்ணாகக் கொள்ள வேண்டும்.

உளிக்கு முன் மூன்று துண்டுகள்

இந்தப் பகுதியைத் தாண்டிக் குதிக்க எல்லோருக்கும் ஆசை வரும். அதே பட்டையிலிருந்து விரலளவு மூன்று துண்டுகளை அறுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஹாக்ஸாவால் ஒரு மி.மீ. ஆழத்துக்கு வெட்டு கொடுத்துக்கொள்ள வேண்டும். முதல் துண்டைக் காந்தம் விட்ட உடனும், இரண்டாவதை உப்பு உருகிச் சில நிமிடங்கள் கழித்தும், மூன்றாவதை வேண்டுமென்றே ஆரஞ்சு நிறம் வரும்வரை காய்ச்சியும் எண்ணெயில் தோய்க்க வேண்டும். ஆறியபின் ஒவ்வொன்றையும் வைஸில் வெட்டு வரை பிடித்து, மேலே தடித்த துணியைச் சுற்றி, கண்ணாடி அணிந்துகொண்டு சுத்தியலால் தட்டி ஒடிக்க வேண்டும்.

ஒடிந்த முகங்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பாடம் தானே விளங்கும். சரியாகக் காய்ச்சிய துண்டின் முகம் சாம்பல்நிறப் பட்டுத்துணிபோல், மணி எதுவும் கண்ணுக்குப் பிடிபடாமல் மங்கலாக இருக்கும். அளவுக்கு மீறிக் காய்ந்ததன் முகம் சர்க்கரையைக் கொட்டி வைத்ததுபோல் மினுமினுக்கும். அது ஒடிவதற்கு அரைத் தட்டே போதும் என்பதும் கைக்குத் தெரியும். முதல் துண்டு ஒடிவதற்கு முன் சற்றே வளைந்துகூடக் கொடுக்கலாம். என் முதல் உளியை இரண்டு மாதம் கழித்து ஒடித்துப் பார்த்தபோது அதன் உள்ளே இருந்தது சர்க்கரைதான். இந்தத் துண்டுகளில் பட்டுபோன்ற முகம் எந்த நிறத்தில், எத்தனை நிமிடத்தில் கிடைத்தது என்று குறித்துவைத்துக்கொண்டால், உங்கள் உலைக்கென்று ஓர் அளவுகோல் கிடைத்துவிடும்.

உளியைத் தயார் செய்தல்

அறுப்பது, துளையிடுவது, ராவுவது எல்லாவற்றையும் தோய்ச்சலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஆனால் வெட்டுமுனையைக் கூராக்கிவிடக் கூடாது; விளிம்பில் ஒரு மி.மீ. தடிமனாவது விட்டுவைக்க வேண்டும். மெல்லிய விளிம்பு மற்ற பகுதிக்கு முன்பே சூடேறிக் கார்பனை இழப்பதோடு, தோய்க்கும்போது அலைபோல் நெளியவும் செய்யும். பிடிக்குள் செல்லும் வால்பகுதி உளியின் தோளைச் சந்திக்கும் உள்மூலையை உருண்டை அரத்தால் வளைவாக்க வேண்டும். செங்குத்தாக விட்ட உள்மூலையில்தான் விரிசல் தொடங்குகிறது. குறுக்காக ஓடும் ஆழமான அரக்கீறல்களும் அதே வேலையைச் செய்யக்கூடும் என்பதால், 220 எண் உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்து அவற்றை நீக்க வேண்டும்.

எண்ணெய்

கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ போதுமானது. வண்டியிலிருந்து இறக்கிய பழைய எஞ்சின் ஆயில் இலவசமாகக் கிடைக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு எந்தச் சிறப்பும் இல்லை. அதில் தேய்ந்த உலோகத்துகள்கள் கலந்திருக்கும், அதன் புகையும் நச்சு.

அளவில் கஞ்சத்தனம் கூடாது. நம் உளியின் எடை ஏறத்தாழ 300 கிராம்; 800 டிகிரியிலிருந்து அது இறக்கிவைக்கும் வெப்பம் 4 லிட்டர் எண்ணெயைச் சுமார் 20 டிகிரி சூடேற்றும். ஒரு லிட்டர் மட்டும் வைத்திருந்தால் எண்ணெயின் வெப்பம் 80 டிகிரி ஏறிவிடும். ஒரு பழைய தூக்குச்சட்டியில் எண்ணெய் ஊற்றிச் செய்த அனுபவம் எனக்கு உண்டு: பாத்திரம் குட்டையாக இருந்ததால் சிவந்த தோள்பகுதி எண்ணெய்க்கு வெளியே நின்று, பரப்பில் தீப்பிடித்து, சுவாலை முழங்கை உயரம் எழுந்தது. அடியில் தகடு பற்றவைத்த 5 அங்குல விட்டமுள்ள இரும்புக் குழாயில் 33 செ.மீ. உயரத்துக்கு எண்ணெய் நிற்கும்படி ஊற்றினால் சுமார் 4 லிட்டர் கொள்ளும்; உளியும் முழுவதுமாக மூழ்கும். குழாயின் விளிம்பு எண்ணெய்ப் பரப்பைவிட ஒரு சாண் உயரமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் வாளி பக்கத்திலேயே வரக் கூடாது. தீப்பிடித்தால் மூடுவதற்கான தகட்டு மூடியைக் கையெட்டும் தொலைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றுவது தீயை நாலாபுறமும் வீசுவதற்குச் சமம்.

எண்ணெயை 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்கிக்கொள்ள வேண்டும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. குளிர்ந்த எண்ணெய்தானே விரைவாகக் குளிர்விக்கும் என்பார்கள். உண்மை எதிர்மாறானது: குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் எஃகைச் சுற்றி எழும் ஆவிப்படலத்தை எளிதில் உடைத்து உள்ளே வருவதில்லை. இளஞ்சூடான எண்ணெய் நெகிழ்ந்து ஓடி அந்தப் படலத்தைக் கிழித்துவிடுகிறது. ஒரு வேண்டாத இரும்புத்துண்டைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் போட்டுக் கலக்கினால் தேவையான சூடு வந்துவிடும்.

தோய்ச்சல்

நீளக்கை பருத்திச் சட்டை, தோல் கையுறை, முகக்கவசம், மூடிய காலணி ஆகியவற்றோடு, உலைக்கும் எண்ணெய்க்கும் இடையில் இரண்டு எட்டுக்கு மேல் இல்லாதபடி எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு, சூடேற்றாத எஃகை வைத்து ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது.

உளியைக் குழாய்க்குள் வைத்து, அவசரப்படாமல் வெப்பத்தை ஏற்ற வேண்டும். 730 டிகிரி அளவை நெருங்கும்போது கூர்ந்து கவனித்தால், சிவந்த எஃகின்மேல் ஒரு மெல்லிய நிழல் மெதுவாக நகர்ந்து போவதைக் காணலாம். உள்மாற்றம் வெப்பத்தை விழுங்குவதால் அந்த இடம் சற்று மங்கித் தெரிகிறது. நிழல் முழுவதும் மறைந்து, காந்தம் விட்டு, உப்பு உருகியபின் பர்னரை அடக்கி அதே வெப்பத்தில் 5 முதல் 10 நிமிடம் வரை நிறுத்த வேண்டும். டங்ஸ்டனும் குரோமியமும் கலந்த கார்பைடுகள் கரைவதற்கு இந்த நேரம் தேவை. வெறும் கார்பன் எஃகான பழைய அரத்துக்கு இவ்வளவு நேரம் வேண்டாம்.

குறட்டின் நுனியை முன்கூட்டியே உலையில் சூடாக்கிக்கொண்டு, வால்பகுதியைப் பிடித்து, தாமதமின்றி வெளியே எடுத்து, முனை கீழாக, நேர்செங்குத்தாக எண்ணெயில் இறக்க வேண்டும். இறங்கியபின் மேலும் கீழுமாக அசைக்கலாம். பக்கவாட்டில் ஆட்டினால் ஒரு முகம் மற்றதைவிட முன்பே குளிர்ந்து உளி வாழைப்பழம்போல் வளைந்துவிடும். கொதிப்பும் நடுக்கமும் குறட்டின் வழியாகக் கையில் உணரப்படும். அவை அடங்கியபின் மேலும் சில நொடிகள் வைத்திருந்து, புகை வரும் சூட்டிலேயே வெளியே எடுக்க வேண்டும். ஏறத்தாழ 200 டிகிரிக்குக் கீழே, மார்ட்டென்சைட் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் இந்தச் சிறு இடைவெளியில் எஃகு கைக்கு அடங்கும். வளைந்திருந்தால் கையுறையோடு பிடித்தோ, இரண்டு தட்டையான பட்டைகளுக்கு நடுவே வைஸில் இறுக்கியோ நேராக்கிவிடலாம். முழுவதும் ஆறியபின் நேராக்க முயன்றால் ஒடியும்.

கைதாங்கும் சூட்டுக்கு வந்ததும் அரத்தால் விளிம்பை உரச வேண்டும். மேல்தோல் கார்பன் இழந்திருந்தால் முதல் ஓரிரு தடவை சற்றே பிடிக்கும். அதற்கு அடியில் வழுக்கினால் தோய்ச்சல் பிடித்துவிட்டது. இப்போது உளியின் கடினம் ராக்வெல் சி அளவில் 63 முதல் 65 வரை இருக்கும். கீழே தவறவிட்டால் உடையும்.

டெம்பரிங்

உளியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவில் மேசைமேல் விட்டுவிட்டுப் போனால், காலையில் விரிசலோடு கிடப்பதைக் காண நேரிடலாம். தோய்ச்சலுக்கு முன்பே ஓ.டி.ஜி. என்னும் சிறு மின் அடுப்பைச் சூடாக்கி வைத்திருந்து, கைசூட்டில் இருக்கும்போதே உளியை உள்ளே வைத்துவிட வேண்டும்.

இந்த அடுப்புகளின் குமிழில் எழுதியிருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் வெப்பமும் ஒன்றல்ல. 20, 30 டிகிரி ஏறியிறங்குவது சாதாரணம். தனியாக ஓர் அடுப்பு வெப்பமானி வாங்கி வைத்துக்கொண்டு, தட்டில் உலர்ந்த மணலைப் பரப்பி அதற்குள் உளியைப் புதைத்துவிட்டால் இந்த ஏற்றத்தாழ்வு எஃகுக்கு எட்டாது. கையால் மட்டும் தள்ளிச் சீவும் உளிக்கு 180 டிகிரியும், பொதுவான வேலைக்கு 205 டிகிரியும், கொட்டாப்புளியால் ஓங்கி அடித்துத் துளை வெட்டும் உளிக்கு 225 டிகிரியும் பொருத்தமாக இருக்கும். 205 டிகிரியில் கடினம் 60 முதல் 62 வரை நிற்கும். இரண்டு மணி நேரம் வைத்து, வெளியே எடுத்து முழுமையாக ஆறவிட்டு, மறுபடியும் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். முதல் தோய்ச்சலில் மாறாமல் எஞ்சிய ஆஸ்டெனைட்டில் ஒரு பகுதி முதல் சுற்று ஆறும்போது புதிய மார்ட்டென்சைட்டாக மாறியிருக்கும். அதைப் பதப்படுத்தவே இரண்டாவது சுற்று.

பளபளவென்று தேய்த்த எஃகில் இந்த வெப்பங்களில் நிறம் ஏறும்: 205 டிகிரியில் வெளிறிய வைக்கோல் நிறம், 255 டிகிரியில் பழுப்பு, 280 டிகிரியில் ஊதா, 300 டிகிரியை ஒட்டி நீலம். கொல்லர் நிறத்தைப் பார்த்துச் சட்டென்று தண்ணீரில் நனைப்பது இதனால்தான். ஆனால் அந்தக் கணக்கு சில நொடிகளில் முடியும் வேலைக்கு உரியது. அடுப்பில் இரண்டு மணி நேரம் இருந்த உளி, வெப்பம் கூடாமலேயே அடுத்த நிறத்துக்குப் போயிருக்கலாம். வெப்பமானி சரியாக இருந்தால் நிறத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

வால்பகுதியை மட்டும் தனியாக மென்மையாக்க வேண்டும். உளியின் வெட்டும் பாதியைத் தண்ணீரில் நிறுத்திக்கொண்டு, வாலில் டார்ச் சுவாலையைக் காட்டி நீலம் வந்ததும் நிறுத்திவிட்டால், சுத்தியல் அடியில் பிடிக்குள் ஒடியாது.

தீட்டும்போது

செதிலை உப்புத்தாளால் நீக்கி, முதுகைத் தட்டையாக்கி, 25 டிகிரிச் சாய்வைச் சாணையில் பிடிக்க வேண்டும். கையுறை போடாமல் வெறும் விரலால் விளிம்புக்கு அருகில் பிடித்துக்கொண்டு, விரல் பொறுக்காத சூடு வந்ததும் தண்ணீரில் நனைப்பதே பாதுகாப்பான வழி. விளிம்பில் நீலம் ஓடிவிட்டால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது. அந்த நீலம் தீரும்வரை தேய்த்து எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முதல் தீட்டலை வைத்து உளியை எடைபோட வேண்டாம். காய்ச்சலில் கார்பன் இழந்த தோலின் மிச்சம் விளிம்பில் இருக்கக்கூடும் என்பதால், இரண்டு மூன்று முறை தீட்டிய பிறகு வரும் விளிம்பே உண்மையானது. அந்த விளிம்பு தேக்கில் வேலை செய்யும்போது உதிர்ந்தால் 15 டிகிரி கூட்டி மீண்டும் ஒருமுறை டெம்பரிங் செய்யலாம். மடங்கினால் டெம்பரிங்கைக் குறைக்க வழியில்லை. மறுபடியும் காய்ச்சித் தோய்க்கத்தான் வேண்டும். 15 டிகிரி கூட்டிய பின்னும் உதிர்ந்தால், அந்த உளியை வைஸில் வைத்து ஒடித்து உள்ளே சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மிச்சமுள்ள பட்டையில் அடுத்ததைத் தொடங்கலாம்.